பையோடு நட்ட மரம்

சனிக்கிழமை காலை எட்டு மணிப் பேருந்தில் செத்துப்போன மரம் ஒன்று ஏறியது.

தானாக ஏறவில்லை. பைப்பக்கா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். ஆளுயர மகிழ மரம். ஓர் இலைகூட மிச்சமில்லை. அடியில் குடம் போல மண்ணுருண்டை. வறண்ட கிளைகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. வாசற்படியில் தொங்கிய இரண்டு பேர் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இதென்னம்மா?" என்றார் நடத்துநர்.

"மரம்."

"அது தெரியுது. செத்ததை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

நடத்துநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நாற்பத்தாறு வயது, முழங்கை வரை வெயில் கறுத்த கை, தோளில் சாப்பாட்டுப் பை. "படிக்கப்போறது நீங்களா, மரமா?"

"ரெண்டு பேரும்தான். கொஞ்சம் தள்ளு தம்பி, கிளை குத்திடும்."

பைப்பக்காவுக்கு வேறு பெயர் இருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது, ரேஷன் அட்டையில் இருக்கிறது. ஆனால் தோட்ட வேலைக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து பதினொரு வருடமாக அவள் கையில் தண்ணீர்க் குழாய் இருப்பதால் எல்லோருக்கும் அவள் பைப்பக்கா. நகரத்துக்கு வெளியே இருக்கும் பெரிய அலுவலக வளாகம் ஒன்றின் தோட்டத்தை அவளுடைய கம்பெனிதான் பராமரிக்கிறது. களை எடுப்பது, புல் ஓரம் வெட்டுவது, தண்ணீர் விடுவது எல்லாம் அவள் பாடு.

அந்த வளாகத்தின் நடைபாதை ஓரம் மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்பது மகிழ மரங்கள் நட்டார்கள். இதுவரை ஒன்பது செத்துவிட்டன. மீதி முப்பத்தொன்றும் ஏதோ பெயருக்கு நின்றுகொண்டிருந்தன. பைப்பக்காவுக்கு அது பொறுக்கவில்லை. திங்கள், வியாழன் தவறாமல் தண்ணீர் விடுகிறாள். ஒவ்வொரு மரத்துக்கும் பாத்தி நிறையும் வரை நின்று விடுகிறாள். பிறகும் ஏன் சாகிறது? யாரைக் கேட்டாலும் "மண்ணு சரியில்ல", "காத்து சரியில்ல" என்றார்கள். ஒரு மகராசன் "ராசி சரியில்ல" என்றான்.

அதனால்தான் அவள் தோட்டக்கலைச் செய்முறை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

பன்னிரண்டு சனிக்கிழமைகள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டுத் தோட்டக்காரர்கள். நாலாவது மாடிப் பால்கனியில் காடு வளர்க்க ஆசைப்படும் பால்கனி சார், வாரம் ஒரு ரோஜாவை வாங்கி வாரம் ஒரு ரோஜாவைச் சாகடிக்கும் பல் டாக்டரம்மா, இப்படிச் சிலர். மீதிப் பாதி பைப்பக்கா போலத் தோட்ட வேலையே பிழைப்பாக இருப்பவர்கள். வீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம், வேலைக்காரர்கள் சுவர்ப் பக்கம். யாரும் சொல்லாமலேயே அப்படி உட்கார்ந்துவிட்டார்கள். பைப்பக்கா மட்டும் நடுவில் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் கரும்பலகை நேராகத் தெரிந்தது.

டீச்சருக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. முழங்கால் வரை ரப்பர் காலணி, நகக்கண்ணில் மண். அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஒரு மணி நேரம் பாடம் கிடையாது. தன் கையில் செத்துப்போன ஒரு செடியை யாராவது கொண்டுவந்து மேஜை மேல் வைக்க வேண்டும். அது எப்படிச் செத்தது என்று எல்லோருமாகச் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவந்தார்கள். பல் டாக்டரம்மா மட்டும் நான்கு. சுவர்ப் பக்கத்திலிருந்து ஆறு வாரமாக ஒரு குச்சிகூட வரவில்லை. "எங்க கையில எதுவும் சாகாது டீச்சர், செத்தா சம்பளம் வராது" என்று புல் வெட்டும் மிஷின்காரர் சொல்வார். சுவர்ப் பக்கம் சிரிக்கும்.

அந்தச் சுவர்ப் பக்கத்தில்தான் பைப்பக்காவின் கொழுந்தனும் இருந்தான். புருஷனின் சொந்தத் தம்பி. வளாகத்தில் அவன்தான் சூப்பர்வைசர். பைப்பக்காவை வேலையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அதை மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்தாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும் என்று வளாகத்துக்காரர்கள் கேட்டதால் கம்பெனியே அவனை வகுப்புக்கு அனுப்பியிருந்தது. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவான், போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அவன் கற்றுக்கொண்ட தோட்டக்கலை எல்லாம் வாசலில் இருந்த வேலி ஓரம்தான்.

பைப்பக்கா வகுப்பில் சேர்ந்தபோது அவன் சிரித்தான். "அண்ணி, பைப்பு பிடிக்கக் கூடவா படிக்கணும்?"

"நீ படிச்சிட்டு வந்து சொல்லித் தருவேன்னு பதினொரு வருஷம் பாத்தாச்சு" என்றாள் அவள்.

புருஷனும் பெரிதாக உற்சாகப்படவில்லை. அவர் தையல்காரர். முன்னறை ஜன்னலோரம் மிஷின் போட்டிருந்தார். இரண்டாவது வாரம் கிளை நறுக்கும் பாடம், நல்ல கத்தரி கொண்டுவரச் சொன்னார்கள் என்று பைப்பக்கா அவருடைய பெரிய கத்தரிக்கோலில் கை வைத்தாள். மனுஷன் துள்ளிக் குதித்துவிட்டார். "அது துணிக் கத்தரி! அதுல காகிதம் வெட்டினாலே முனை போயிடும். இருபது வருஷமா துணியைத் தவிர வேற எதையும் அது பாத்ததில்ல. மரக்கிளையா வெட்டப் போற? என் கழுத்தை வெட்டு!"

கடைசியில் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆக, ஏழாவது சனிக்கிழமை அவள் செத்த மரத்தோடு வகுப்புக்குள் நுழைந்தபோது சுவர்ப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதன்முறையாகத் தொழில்காரர் ஒருவர் கொண்டுவந்த பிணம் அது. கொழுந்தன் அப்போதும் வெளியே போனில் இருந்தான்.

"சொல்லுங்கக்கா" என்றாள் டீச்சர்.

பைப்பக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இது மகிழம். நட்டு மூணு வருஷம். நட்டதே நான்தான். திங்க, வியாழன் தண்ணி. ஒரு நாள் தவறினது கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட வந்து விட்டுட்டுத்தான் போய்ப் படுத்தேன். இது ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தண்ணி ஜாஸ்தியாயிடுச்சோ?" என்றார் பால்கனி சார். "நான் அப்படித்தான் நாலைச் சாகடிச்சேன்."

டீச்சர் மண்ணுருண்டையைத் தட்டிப் பார்த்தாள். விரலால் மேல்மண்ணை வழித்தாள். கறுப்பாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.

"இது என்ன?"

"பைதான்."

"என்ன பை?"

"நர்சரிப் பை டீச்சர். செடி வர்ற பை."

"அது ஏன் இன்னும் இருக்கு?"

கேள்வியே பைப்பக்காவுக்கு விசித்திரமாக இருந்தது. "இருக்கணுமே! கழட்டினா மண்ணு உதிர்ந்து வேர் ஆடிடும். அடியில கத்தியால ஒரு கீறு போட்டு அப்படியே குழியில இறக்கிடணும். வேர் அதுவா வழி பாத்துக்கும்."

பல் டாக்டரம்மா சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். சுவர்ப் பக்கத்தில் புல் மிஷின்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் அப்படிச் சொன்னது?" என்றாள் டீச்சர்.

"எல்லாரும் சொல்வாங்களே." பைப்பக்கா சுவர்ப் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கண்ணே!"

"அவசர வேலைன்னா அப்படித்தான் டீச்சர்" என்றார் மிஷின்காரர், செருப்பிடமே. "ஒரு நாளைக்கு ஒரு ஆளு இருபது குழி. பையைப் பிரிச்சு நிதானமா நட்டா பத்துகூட ஆகாது. பையோட வச்சா திறப்பு விழா அன்னிக்குச் செடி நிமிர்ந்து நிக்கும். போட்டோல நல்லா வரும்."

டீச்சர் கத்தியை எடுத்துப் பையை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். பழுத்த பழத்தின் தோல் போல அது விலகியது.

உள்ளே வேரெல்லாம் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, சுருட்டி வைத்த கயிறு போலக் கிடந்தன. வெளியே போக இடமில்லாமல் பையின் சுவரைத் தடவித் தடவியே மூன்று வருடம் வட்டமடித்திருந்தன. அடியில் போட்ட கீறல் வழியாக ஒரே ஒரு வேர் எலிவால் போல வெளியே வந்து காய்ந்திருந்தது.

"கையை உள்ள விட்டுப் பாருங்கக்கா."

பைப்பக்கா வேர்களுக்கு நடுவே விரலை நுழைத்தாள். மண் பிஸ்கட் போல உடைந்து தூளானது. ஈரம் என்ற பேச்சே இல்லை.

"நீங்க விட்ட தண்ணி பையோட விளிம்புல பட்டு வெளிப்பக்கமா இறங்கிடுச்சு" என்றாள் டீச்சர். "சுத்திலும் சேறு. உள்ள மட்டும் வறட்சி. ஒரு பொட்டு கூட இதுக்குப் போய்ச் சேரல."

பைப்பக்கா விரலை வெளியே எடுக்கவில்லை. மூன்று வருடம். திங்கள், வியாழன். பாத்தி நிறைய. இந்த மரம் தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டு தாகத்தில் செத்திருக்கிறது. பையின் வாயை மண் போட்டு மூடி, அழகாகக் காலால் மிதித்துவிட்டது அவளேதான்.

"அண்ணி!"

வாசலில் கொழுந்தன். கையில் போன், முகத்தில் ரத்தமில்லை. "இதை எங்கயிருந்து எடுத்தீங்க?"

"குப்பையிலேர்ந்து. நீதான தூக்கிப் போடச் சொன்ன?"

"இதையெல்லாம் ஏன் இங்க தூக்கிட்டு வரீங்க? கம்பெனி விஷயம் கம்பெனிக்குள்ள இருக்கணும். திங்கக்கிழமை வளாக மேலாளரும் நம்ம முதலாளியும் மரத்தைப் பாக்க வராங்க, தெரியுமில்ல? வாயைத் திறக்காதீங்க."

பைப்பக்கா விரலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். "மிச்சம் முப்பத்தொண்ணு நிக்குது. அதுங்களைக் காப்பாத்த முடியுமா?"

"எல்லாத்தையும் முடியும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சுத்தி அகழி மாதிரி தோண்டி, பையைக் கிழிச்சு எடுத்துட்டு, வட்டம் போடற வேரை நாலு பக்கம் கீறி விட்டுட்டு, அதே மண்ணைப் போட்டு மூடி, நல்லா தண்ணி விட்டா நெறைய பிழைக்கும். வெயில் ஏறுமுன்னே செய்யணும். விட்டுட்டா ஒண்ணொண்ணா இதே கதிதான்."

அன்றைக்கு மீதி வகுப்பில் என்ன பாடம் நடந்தது என்று பைப்பக்காவுக்கு ஞாபகமில்லை. கொழுந்தன் எதைக் கேட்டான், எதைக் கேட்கவில்லை என்றும் தெரியாது. ஆனால் முதன்முறையாக அவன் மணியடிக்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம். டைப் அடித்தது.

புருஷன் மிஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். வீட்டில் சங்கடமான பேச்சு வந்தால் பெடலை வேகமாக மிதிப்பார். மிஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று ஆகிவிடும்.

"ஒரு கையெழுத்து அண்ணி. அவ்வளவுதான்."

பைப்பக்கா வாசித்தாள். மகிழ மரங்களுக்கு முறையாகத் தண்ணீர் விடாமல் இருந்தது தன்னுடைய கவனக்குறைவு என்றும், அதனால்தான் ஒன்பது மரங்கள் பட்டுப்போயின என்றும் அவள் ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது.

"நான் தண்ணி விடலையா?"

"விட்டீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். பைன்னு தெரிஞ்சா நாப்பது மரமும் கம்பெனி தப்புன்னு ஆயிடும். வேலையே கையை விட்டுப் போயிடும். தண்ணி விடலன்னா ஒரு ஆளோட தப்பு. ஆளை மாத்திட்டோம்னு சொல்லிடலாம். உங்களை நான் வேற இடத்துக்கு அனுப்பிடறேன். தண்ணி ஊத்தற வேலை எங்கயிருந்தா என்ன?"

மிஷின் கடகடவென்று ஓடியது.

"அந்த முப்பத்தொண்ணு?"

"அதெல்லாம் மரம் அண்ணி! நாம மனுஷங்க. உங்களை வேலையில சேத்துவிட்டது யாரு? நான் தலை குனிஞ்சு நிக்கணுமா? அண்ணே, நீங்க சொல்லுங்க!"

மிஷின் இன்னும் வேகமாக ஓடியது. பாவாடையின் ஓரம் முடிந்து, வெறும் காற்றைத் தைத்துக்கொண்டிருந்தது.

"வச்சிட்டுப் போறேன்" என்றான் கொழுந்தன். "காலையில கையெழுத்தோட கொண்டு வாங்க." காகிதத்தை அளவு நாடாவின் கீழ் வைத்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மிஷின் நின்றது.

"ஒரு கையெழுத்துதானே" என்றார் புருஷன், ஊசியைப் பார்த்தபடி. "அவன் என் தம்பி."

"ஒருத்தர் சட்டையைக் கொண்டு வந்து பட்டன் அறுந்துபோச்சு, நீ பட்டனே வைக்கலன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"வச்சிருந்தா எப்படி ஒத்துக்க முடியும்?"

"சரி. அளவு தப்பா வெட்டிட்டீங்க. அதைக் கேட்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெட்டினது தப்புன்னா தப்புன்னுதான் சொல்வேன். பிரிச்சுத் தச்சுக் கொடுப்பேன்."

"அதைத்தான் நானும் செய்யப் போறேன். நான் பையோட நட்டது தப்பு. அதை நாலு பேர் முன்னாடி சொல்லுவேன். ஆனா தண்ணி விடலன்னு மட்டும் என் கையால எழுதிக் கொடுக்க மாட்டேன். இந்தக் கை பதினொரு வருஷமா செஞ்ச ஒரே வேலை அது. அதையும் இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் இந்தக் கை எதுக்கு?"

புருஷன் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பெடலை மிதிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பைப்பக்கா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டாள். சமையலறைக் கத்தியைத் தேடினாள். காணோம். வாசலில் புருஷன் நின்றிருந்தார். பழைய துணியில் எதையோ சுற்றி நீட்டினார். பிரித்துப் பார்த்தால் பெரிய கத்தரிக்கோல்.

"இது துணியைத் தவிர வேற எதையும் தொடக் கூடாதே!"

"கூடாதுதான்." அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். "உன் கத்தி மொட்டை. பிளாஸ்டிக்கை அறுக்காது, பிய்க்கும். பிய்ச்சா வேரும் சேந்து போகும். எடுத்துட்டுப் போ, நான் மனசு மாறுறதுக்குள்ள."

வளாகத்துக் காவலாளி கேட்டைத் திறந்தபோது, "என்னக்கா, பைப்பு இல்லாம கடப்பாரையோட?" என்றார்.

"பைப்புக்கும் வேலை இருக்கு. கொஞ்சம் பொறு."

நடைபாதையில் பதினேழாவது மரத்தின் முன்னால் நின்றாள். நுனி இலைகள் மஞ்சளாகி, பாதிக் கிளை வழுக்கை. இதை நட்ட நாள்கூட ஞாபகமிருந்தது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு குழி முடித்துவிட்டதற்காக அவளை எல்லோரும் பாராட்டினார்கள். அவளும் அன்றைக்கு ரொம்பப் பெருமையாக வீட்டுக்குப் போனாள்.

அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டம் போட்டுக் கடப்பாரையை இறக்கினாள்.

அகழி முழங்கால் ஆழம் வந்தபோது காலணிச் சத்தம் கேட்டது. முன்னால் வளாக மேலாளர் அம்மா, கையில் ஒரு குறிப்பேடு. பக்கத்தில் கம்பெனி முதலாளி, வெள்ளைச் சட்டை, மண் படாத காலணி. பின்னால் கொழுந்தன். பைப்பக்காவைப் பள்ளத்துக்குள் பார்த்ததும் கொழுந்தன் ஓட்டமும் நடையுமாக முன்னால் வந்தான்.

"அண்ணி, என்ன பண்றீங்க? மண்ணை மூடுங்க!"

"மூடத்தான் போறேன். உள்ள இருக்கிறதை எடுத்துட்டு."

"யாரிது?" என்றார் மேலாளர் அம்மா.

"தண்ணி விடற ஆளு மேடம்" என்றார் முதலாளி, முந்திக்கொண்டு. "நான் சொன்னேனே, இவங்கதான். சரியாத் தண்ணி விடல. ஒப்புதல் கடிதமே கொடுத்திருக்காங்க. இப்ப ஏதோ..." கொழுந்தன் பக்கம் கையை நீட்டினார். "அந்த லெட்டர் எங்க?"

"என்கிட்ட இருக்கு" என்றாள் பைப்பக்கா.

பள்ளத்தை விட்டு மேலே வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். கொழுந்தன் மூச்சு விட்டான்.

"பேனா கொடு."

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை ஓடிவந்து கொடுத்தான். அவள் காகிதத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். டைப் அடித்திருந்த வரிகளின் மேல் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். அவசரமில்லாமல் போட்டாள். பிறகு அடியில் எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத உரக்கப் படித்தாள்.

"தண்ணி விட்டேன். திங்கள், வியாழன், மூன்று வருடம். இருபத்திரண்டு மரம் நான் நட்டேன். பையைக் கழற்றாமல் நட்டேன். அப்படித்தான் நடச் சொன்னார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. அது என் தப்பு." கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டில் இருக்கும் முழுப் பெயரையும் எழுதினாள். முதலாளி நீட்டிய கையைத் தாண்டி மேலாளர் அம்மாவிடம் கொடுத்தாள்.

"என்ன பை?" என்றார் மேலாளர் அம்மா.

பைப்பக்கா மறுபடி பள்ளத்தில் இறங்கினாள். துணியைப் பிரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். மண்ணுருண்டையின் மேல்விளிம்பில் கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பிடித்து ஒரே வெட்டாக மேலிருந்து கீழே இறக்கினாள். துணி வெட்டும் அதே சத்தம். இழுத்ததும் பை முழுசாக வந்தது. உள்ளே வேர்கள் சுருண்டு கிடந்தன. ஆனால் இந்த மரத்தில் இரண்டு மூன்று வேரின் நுனி இன்னும் வெள்ளையாக இருந்தது.

"உசிரு இருக்கு" என்றாள். யாரிடமும் இல்லை, மரத்திடம்.

"மேடம், இது ஒரு மரத்துல ஏதோ தவறி..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"மிச்சத்துலயும் பை இருக்கா?" மேலாளர் அம்மா பைப்பக்காவைத்தான் கேட்டார்.

"நான் நட்ட எல்லாத்துலயும் இருக்கு மேடம். மத்தது எனக்குத் தெரியாது. நட்டவங்களைக் கேளுங்க."

மீதிப் பதினெட்டை நட்டது யார் என்று அங்கே தெரியாதவர் மேலாளர் அம்மா மட்டும்தான். ஆனால் முதலாளியும் காவலாளியும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைப் பார்த்ததில் அவருக்கும் தெரிந்துபோயிற்று.

கொழுந்தன் கழுத்தைச் சொறிந்தான். முதலாளியைப் பார்த்தான். பள்ளத்தில் நிற்கும் அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. வேர்களைக் கீறுவதில் மும்முரமாக இருந்தாள்.

"இருக்கு மேடம்" என்றான்.

முதலாளியின் முகம் வெந்துபோயிற்று. அவனை விட்டுவிட்டுப் பள்ளத்துக்கு மேல் வந்து நின்றார். "இந்தாம்மா! நாளையிலேர்ந்து நீ இந்தப் பக்கமே வரக்கூடாது. புரியுதா?"

பைப்பக்கா நிமிர்ந்தாள். நெற்றியில் மண். "நாளையிலேர்ந்துதான?"

"என்ன?"

"நாளைக்குத்தான வரக்கூடாது? இன்னிக்கு வேலைக்கு வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாச்சு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நான் இந்தத் தோட்டத்து ஆளு. வேலையைச் செய்ய விடுங்க." மண்ணை உள்ளே தள்ளத் தொடங்கினாள். "நிழல்ல நிக்காதீங்க சார், எனக்கு வேர் தெரியல."

முதலாளி வாயைத் திறந்தார். மேலாளர் அம்மா குறிப்பேட்டை மூடினார். "நாம உள்ள போய்ப் பேசலாம்" என்றார். குரலில் தேநீர் கொடுக்கும் உத்தேசம் தெரியவில்லை. போகிற போக்கில் காவலாளியிடம் நின்றார். "அந்தப் பெரிய குழாயைத் திறந்து விடுங்க. அவங்க சொல்ற வரைக்கும் மூட வேண்டாம்."

இரண்டு பேரும் போய்விட்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள், நாளைக்கு யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்பதெல்லாம் நடைபாதைக்குத் தெரியாது. பைப்பக்கா அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. பாத்தியை வட்டமாகக் கட்டினாள். குழாயை இழுத்துக்கொண்டு வந்து வைத்தாள். தண்ணீர் நிறைந்து, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சளசளவென்று உள்ளே இறங்கியது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அது வேர் வரைக்கும் போனது.

பதினெட்டாவது மரத்துக்குப் போய்க் கடப்பாரையைப் போட்டாள். இரண்டாவது குத்தில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணி. அங்க ஒரு பெரிய வேர் வெளிய வந்திருக்கும். மேட்டுப் பக்கமா தோண்டுங்க. டீச்சர் சொன்னாங்களே."

பைப்பக்கா திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தான்.

"ஏழு வாரத்துல ஒரு நாள் உள்ள உக்காந்தியே, அன்னிக்குச் சொன்னதா?"

அவன் முகம் சுருங்கியது. "எனக்கும் வேலை போகப்போகுது அண்ணி. உங்களால."

"என்னால இல்ல. பையால."

அவள் மேட்டுப் பக்கம் போய்க் கடப்பாரையை இறக்கினாள். அவன் அந்த வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தான். தான் நட்டவை எங்கே ஆரம்பிக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். மறக்கக் கூடியதா என்ன?

"மிச்சம் எத்தனை?"

"முப்பது."

"சாயங்காலத்துக்குள்ள முடியாது."

"முடியாதுதான்." பைப்பக்கா கத்தரிக்கோலை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். முனை அதற்குள் மழுங்க ஆரம்பித்திருந்தது. "நீ அங்கேயே நின்னுட்டிருந்தா நிச்சயம் முடியாது."

கொழுந்தன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான். மண்வெட்டி அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.